கரையான் தின்ற மிச்சம்

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, ஆவண அறையின் கதவு தெரிகிற மாதிரிதான் உட்காருவாள். யார் கோப்போடு உள்ளே போகிறார்கள், யார் வெறுங்கையோடு வெளியே வருகிறார்கள் என்று அதிலேயே ஒரு கண். மனுவை வாங்கிக்கொண்டதற்கு ரசீது தந்தால் தேதி சரியா, ஆண்டு சரியா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைப்பாள். நகராட்சி அலுவலகத்தில் அவளுக்கு 'மேல்முறையீட்டு அக்கா' என்று பெயர். அவள் தலையைக் கண்டதும் பாதி மேசைகள் காலியாகிவிடும்.

தொழில், பள்ளிக்கூட வேன் ஓட்டுவது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே இங்கே வந்துவிடுவாள். வீட்டிலும் இதே புத்திதான். புருஷன் கேட்காமலேயே பாத்திரம் கழுவிவைத்தால், "என்ன காரியம் ஆகணும்?" என்பாள். பாவம், அதற்குப் பயந்தே அவர் கழுவுவதை விட்டுவிட்டார்.

சந்தேகம் பிறவிக் குணமில்லை. இந்தக் கட்டடம் கொடுத்தது. அவளுடைய தம்பி தண்ணீர்த்தொட்டிக்குக் காவலாளி. ஒரு மழைநாளில் தொட்டி இடிந்து அவன்மேலேயே விழுந்தது. குடித்துவிட்டுத் தூங்கினான், தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தவில்லை, அதனால்தான் இடிந்தது என்று அறிக்கை எழுதி ஊரையும் நம்பவைத்தார்கள். செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசுவானா? தெருக்குழாயடியில் நாலு பேர் நின்றால் அவன் மனைவி இன்றைக்கும் வெறும் வாளியோடு திரும்பிவிடுகிறாள். அந்தத் தொட்டியின் கோப்பைக் காட்டுங்கள் என்றுதான் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு அக்கா வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் அப்படி ஒரு கோப்பே இல்லை என்றார்கள். பிறகு தேடுகிறோம் என்றார்கள். அப்புறம் கரையான் அரித்துவிட்டது என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். அவளா விடுகிற ஆள்?

"சரிங்க. கரையான் தின்ன மிச்சத்தையாவது காட்டுங்க. அதைப் பார்க்கவும் எனக்கு உரிமை இருக்குல்ல" என்று அதற்கும் ஒரு மேல்முறையீடு போட்டாள்.

போன வாரம் புதிதாக ஒரு தகவல் அதிகாரி வந்தாள், சின்னப் பெண். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்று உட்காரச் சொன்னாள். டீ வரவழைத்தாள். அக்கா பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். இத்தனை மரியாதை நல்லதுக்கில்லையே! டீயைத் தொடவில்லை. அந்தப் பெண்ணே உள்ளே போய்க் கோப்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். கரையான் ஒரு மூலையைக்கூடக் கடித்திருக்கவில்லை.

பக்க எண்களைச் சரிபார்த்துக்கொண்டே போனவள் நடுவில் நின்றாள். தம்பியின் கையெழுத்து. தொட்டியில் விரிசல் பெரிதாகிக்கொண்டே போகிறது, தயவுசெய்து தண்ணீர் ஏற்றவேண்டாம் என்று எழுதியிருந்தான். பார்த்ததாகக் கீழே மேலதிகாரியின் கையெழுத்து. தொட்டி விழுவதற்கு முந்தைய மாதத் தேதி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கண் மறைக்கும், அந்த நேரம் பார்த்துத் தாளை மாற்றிவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

"குடுங்கக்கா. நகல் எடுத்துட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்றாள் அதிகாரி.

"நானும் வரேன்."

தாளைப் பிடித்தபடியே நகல் இயந்திரம் வரைக்கும் நடந்தாள். அதைக் கண்ணாடிமேல் வைத்த பிறகும் ஓரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. கையும் நகலில் விழுந்துவிடுமே என்று அதிகாரி தன்மையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"விழட்டும். நீ பட்டனை அமுக்கும்மா."

தம்பியின் எழுத்துக்குப் பக்கத்தில் அவளுடைய நாலு விரல்களோடு நகல் வெளியே வந்தது. அசலை அப்போதும் அவள் விடவில்லை.