எஸ்தர் அக்கா கொடுத்த கிராம்பு

மரிகுப்பத்தில் காலை ரயில் புறப்படும் முன்பே ஜன்னலோர இருக்கையில் என் பையை வைத்துவிடுவேன். அடுத்த நிலையமான சாம்பியன் ரீப்ஸில் எஸ்தர் அக்கா ஏறுவார். அன்றும் வைத்தேன். ரயில் நின்றதும் அக்காவின் தம்பிதான் ஜன்னலருகே வந்தார். "அக்கா போயிட்டாங்கப்பா. விடியக்காலம் மார்வலின்னாங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள..." என்றார். ரயில் நகர்ந்தது. இறங்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பங்காருப்பேட்டையில் ஏறிய ஒருவர் பையைக் காட்டி, "யாராச்சும் வராங்களா?" என்று கேட்டார். "வராங்க" என்றேன். பெங்களூரு வரை பையை எடுக்கவில்லை.

அந்தப் பெட்டியில் வந்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். சிகரெட் புகை நுரையீரலுக்குள் என்ன செய்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பதுதான் அவர் வேலை. 'புகை டாக்டர்' என்று நாங்கள் கிண்டல் செய்தால், "ஊசி போடத் தெரியாத டாக்டர்" என்று அவரே சேர்த்துக்கொள்வார்.

நம் ஊரில் யார் இருமினாலும் தூசு என்றுதான் சொல்வோம். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு வேலைக்குப் போன நானும் என் இருமலுக்கு அப்படியே சொன்னேன். "சுரங்க மண்ணு கொட்டின டம்ப் தூசுக்கா. காத்தடிச்சா வீடெல்லாம் மண்ணு" என்றேன். "இன்னா தம்பி, நீ எந்த ஷாஃப்ட்ல இறங்கின?" என்றார். பெட்டியே சிரித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கப்பா சுரங்கத்துல இறங்கினாரு. தூசும் நெசம், பீடியும் நெசம். நாங்க தூசை மட்டும்தான் சொல்லினு இருந்தோம்" என்றார்.

இன்னொரு நாள், ஊரிகம் தாண்டும்போது, புகை உள்ளே செய்வதை எனக்கு விளக்கினார். "சுரங்கத்துக்குள்ள லெவல்ல கூரை விழாம முட்டு மரம் வெச்சிருப்பாங்க இல்ல? நுரையீரல்ல கீற காத்துப் பைய அப்படித்தான் நாருங்க தாங்கினு கீது." வெள்ளணுக்கள் ஒரு நொதியை விடுமாம்; அது கல் அள்ளும் ஆட்கள் மாதிரி. அவர்கள் மரத்தில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள மேஸ்திரி போல ஒரு புரதம். புகை அந்தப் புரதத்தில் ஒரு சிறு இடத்தைக் கெடுத்துவிட்டால் போதும், மேஸ்திரி சும்மா நிற்பார். புகை கூடுதல் ஆட்களையும் வரவழைக்கும். கல்லோடு மரத்தையும் அறுத்து அள்ளிவிடுவார்கள்.

"நிறுத்திட்டா மரம் திரும்ப வருமா அக்கா?"

"வராது. மிச்சம் கீற மரம் இன்னும் கொஞ்ச நாள் நிக்கும்."

ஆறுதலுக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டார்.

அந்த வாரமே சிகரெட்டை நிறுத்திவிட்டதாக அவரிடம் சொன்னேன். பொய். மரிகுப்பம் நிலையத்துக்கு வெளியே ஒன்றை இழுத்துவிட்டு, கிராம்பை மென்றபடி ஏறுவேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. போன மாதம் அக்கா ஒரு சிறு பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"இன்னாக்கா இது?"

"கிராம்பு. உன்னுது தீந்துட்டா வெச்சுக்கோ."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாளிலிருந்து அவர் கொடுத்த கிராம்பையே மென்றுகொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் போன அன்று காலையும் அதுதான் என் வாயில் இருந்தது.

அடக்கத்துக்குப் போனேன். எல்லோரும் பாடினார்கள். எனக்கு அழுகை வரவில்லை, இன்னும் வரவில்லை. மரத்துப்போய்த்தான் இருக்கிறேன்.

இப்போதும் ஜன்னலோரத்தில் பையை வைக்கிறேன். சாம்பியன் ரீப்ஸ் தாண்டியதும் எடுத்துவிடுகிறேன். அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தப் பொட்டலம் ஒன்றுதான். அதில் பதினாறு கிராம்பு மிச்சம். அடக்கத்தன்றும் பதினாறுதான் இருந்தது. இந்தத் தடவை பொய் இல்லை அக்கா.