வண்டிப் படியில் மாட்டிய ஷூ

காலை ஆறு பத்து. காவல் நிலையத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஏட்டின் மேசைமேல் இருந்த ஒரு ஜோடி ஷூ. கம்பெனித் தொழிலாளர்கள் போடும் கறுப்பு ஷூ, முனையில் இரும்புத் தகடு வைத்தது. இரண்டின் மேல்தோலும் கொடுவாளால் கிழிக்கப்பட்டிருந்தது. தகட்டில் வெட்டு இறங்கவில்லை, கீறல் மட்டும்.

ஷூவுக்கு உரியவர் சுவரோரப் பெஞ்சில் வெறுங்காலோடு இருந்தார். இடது புருவத்தில் தையல். அவர் மனைவி உட்காரவே இல்லை. வாசலுக்குப் போவார், நெடுஞ்சாலையைப் பார்ப்பார், திரும்பி வருவார். ஆறரைக்குக் கம்பெனி வண்டி அந்த வழியாகப் போகும்.

ஓசூரில் ஒரு நாளிதழுக்கு நான் செய்தி எழுதிக்கொண்டிருந்த காலம் அது, இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. இருவரையும் முந்தைய ஆண்டே தெரியும். கிருஷ்ணகிரி சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கல்குவாரியில், எப்போதோ வாங்கிய அட்வான்ஸுக்காகக் கொத்தடிமைகளாகக் கிடந்த இவர்களையும் வேறு சில குடும்பங்களையும் அதிகாரிகள் வந்து விடுவித்தார்கள். அன்று நான் போயிருந்தேன். விடுதலையானவர்கள் லாரியில் ஏறி, அதே ஊரின் காலனிக்குத் திரும்பினார்கள். போக வேறு இடம் இல்லை.

அவருக்கு மூக்கண்டப்பள்ளியில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் ஒப்பந்த வேலை கிடைத்தது. கம்பெனி வண்டி ஊர்த்தெரு வரைக்கும்தான் வரும். அது நிற்கும் இடத்துக்கு எதிரில் குவாரி முதலாளியின் மாடி வீடு. அந்தத் தெருவில் காலனிக்காரர்கள் காலில் எதையும் போட்டு நடப்பதில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு முடிந்ததும் மாட்டிக்கொள்வார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததாக யாருக்கும் நினைவில்லை.

கம்பெனிக்கு வேறு விதி. ஷூ இல்லாமல் வண்டியில் ஏற்றக் கூடாது. ஆகவே அவர் ஷூவைக் கையில் தூக்கியபடி தெருவைக் கடந்து, வண்டிப் படியில் உட்கார்ந்து மாட்டுவார். கயிறு கட்ட நேரம் பிடிக்கும். உள்ளே இருப்பவர்கள் கேலி செய்யாமல் விடமாட்டார்கள். “மாப்பிள்ளைக்கு மெட்டி போட்டாச்சா? வண்டி எடுக்கலாமா?” என்பான் ஒருவன். சூப்பர்வைசர் சேலத்துக்காரர், ஊர் வழக்கம் தெரியாதவர். “தெனம் உன்னால லேட்டு. வூட்லயே மாட்டிட்டு வாய்யா. நாளைக்கும் இப்படின்னா வண்டி நிக்காது.”

மறுநாள் அவர் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்தார். காலையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. மாலையில் வண்டி இறக்கிவிட்டுப் போனதும், குவாரியில் மேற்பார்வை பார்க்கும் நான்கு பேர் சூழ்ந்துகொண்டார்கள். “சம்மட்டி தூக்குன நாயிக்கு பூட்ஸு கேக்குதா? சர்க்கார் விட்டா நீ தொரையா?” ஷூவைக் கழற்ற வைத்து, அதனாலேயே அடித்தார்கள். பிறகு ஷூவை வெட்டினார்கள். தெருவில் கதவுகள் திறந்துதான் இருந்தன.

இதெல்லாம் அவர் சொல்லி முடித்தபோது ஏட்டு டீ குடித்து முடித்திருந்தார்.

“பாரப்பா. கேஸு போட்டா இந்த ஷூ சாட்சி சாமான் ஆயிடும். கோர்ட்டுக்குப் போவும். எப்ப வரும்னு நான் சொல்ல முடியாது. வேணாம்னா எடுத்துக்க. பஸ் ஸ்டாண்டுகிட்ட தைக்கக் குடுத்துட்டு மதிய ஷிப்டுக்குப் போயிரு. ஒரே ஊரு, நாளைக்கும் அவங்க மூஞ்சியிலதானே முழிக்கணும்?”

அவர் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேற ஷூ குடுக்க மாட்டாங்க சார். சேரும்போது ஒண்ணுதான். கான்ட்ராக்ட் ஆளு நானு.”

“அதான் சொல்றேன்.”

வெளியே ஹாரன் கேட்டது. கம்பெனி வண்டி, நிலையத்துக்கு எதிரில்; அவர் இங்கே இருப்பதாக ஊரில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். மனைவியிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். மனைவி பதிலை ஏட்டுக்கும் கேட்கட்டும் என்று தமிழில் சொன்னார்.

“குவாரிய விட்டு வரும்போது உளி, சம்மட்டி, தண்ணி கொடம் கூட அவங்களுதுன்னு வெச்சிட்டு வந்தோம். இது அவங்க குடுத்ததா? இன்னிக்கு தெச்சிப் போட்டா நாளைக்கு எப்டி போவ? கையில தூக்கிட்டா?”

“ஏம்மா, வேல போயிடும்மா,” என்றார் ஏட்டு. குரலில் மிரட்டல் இல்லை.

மறுபடியும் ஹாரன். சூப்பர்வைசர் சாலையைக் கடந்து வாசலுக்கு வந்தார். புருவத்துத் தையலைப் பார்த்தார், வெறுங்காலைப் பார்த்தார். “என்னய்யா இது? சொன்னா லீவு போட்டிருப்பேனே. ஷூ எங்க?”

“இங்க இருக்குது,” என்றார் அவர் மேசையைக் காட்டி. சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு எதையோ சொல்ல வாயெடுத்தார். வண்டியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

அவர் எழுந்து, இரண்டு ஷூவையும் ஏட்டின் பக்கம் நகர்த்தினார்.

“எழுதுங்க சார்.”

ஏட்டு கொஞ்ச நேரம் பேனாவைத் தேடினார். பிறகு ஓர் அட்டையில் எண் எழுதி, ஷூ கயிற்றிலேயே கோத்துக் கட்டினார். நெடுஞ்சாலையில் ஓசூர்ப் பக்கம் பார்த்து வண்டி புறப்பட்டது.

அந்த வண்டியில் அவர் அதன்பிறகு ஏறவில்லை.