ஜெமீலாவின் மருதோன்றிக் கட்டு

1. சத்தமான அறை

சங்கத்துக்கு அறை பார்த்தபோது, மருதமுனைத் தறிக் கொட்டிலை ஒட்டிய அறைதான் வேண்டும் என்று எங்கள் தலைவர் ஒற்றைக் காலில் நின்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

"இஞ்ச பாருங்க ஹாஜரா, நம்மளிட்ட வாற ஆக்கள் வீட்டுக் கஷ்டம் சொல்ல வாறாங்க. ஒரு சொல்லும் வெளிய போகப்படா. இந்தத் தறிச் சத்தத்துக்குள்ள பக்கத்துல நிண்டாலும் ஒருத்தருக்கும் கேக்காது."

கமிட்டியில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் காது கேளாதவர்களுக்கென்று எங்கள் பக்கத்தில் இருந்தது அந்தச் சின்னச் சங்கம் மட்டும்தான். என் தம்பி பிறவியிலேயே காது கேளாதவன். அவனோடு கையால் கதைத்து வளர்ந்தவள் என்பதால் பெண்களின் கேஸ் எல்லாம் என்னிடம் வந்தன. வருகிறவரை ஜன்னலுக்கு நேரே உட்கார வைப்போம். கையில் வெளிச்சம் விழ வேண்டுமே. நான் ஜன்னலுக்கு முதுகு காட்டி எதிரில் இருப்பேன்.

ஜெமீலா காது கேளாத, வாய் பேசாத பிள்ளை; அந்தக் கொட்டிலிலேயே நெய்கிறவள். வாப்பா மௌத்தாகி, தகப்பனில்லாத வீட்டுக்கு அண்ணன் காசிம் காக்காதான் பெரியவர். தங்கைக்கு ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார். மனைவியை இழந்த வியாபாரி, அவளுக்குத் தகப்பன் வயது. ஜெமீலா தன் மோவாயில் இல்லாத தாடியைத் தடவி அவரைக் காட்டினாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் வெளியே தள்ளினாள். வேண்டாம். கண்ணீர் வடிய வடிய அதையே திரும்பத் திரும்பத் தள்ளினாள்.

எங்கள் வழக்கத்தில் நிக்காஹ்வுக்கு முன் பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள். குமர்ப்பிள்ளை வெட்கத்தில் வாய் திறக்காவிட்டால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். வாயே பேசாதவளின் கதி என்ன? அதற்குத்தான் அவள் என்னிடம் வந்திருந்தாள். நிக்காஹ் நடத்தும் லெப்பை சம்மதம் கேட்கும் நேரம் நீ பக்கத்தில் நிற்க வேண்டும், என் கையைப் பார்த்து அவருக்குச் சொல்ல வேண்டும், அதுவரை காக்காவுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் சொல்லவே விடமாட்டார் என்றாள். நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்தேன்.

2. களவு போனது

மறுநாள் காலை அறையைத் திறக்கப் போனால் வாசலில் காசிம் காக்கா நிற்கிறார்.

"என்ட தங்கச்சி நேத்து உங்களிட்ட என்ன சொன்னாள் எண்டு எனக்குத் தெரியும். தாடிக்காரர் வேணாமாம்." சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் வெளியே தள்ளிக் காட்டினார். அவள் தள்ளின மாதிரியே. "நிக்காஹ் இந்த வெள்ளிக்கிழமையே வெச்சாச்சு. நீங்களும் வாங்க, சோறு தின்னுங்க. கதைக்க மட்டும் வேணாம்."

நான் தலைவரிடம்கூடச் சொல்லவில்லையே. அறையில் எங்கள் இருவரையும் தவிர ஒரு குருவி இல்லை. கதவும் பூட்டித்தான் இருந்தது. அவர் போன பிறகு உள்ளே போய் ஜெமீலா இருந்த கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் கொட்டிலின் ஜன்னல். அங்கே முதல் தறியில் பாத்தும்மா. என்னைக் கண்டதும் தறி நாடாவை நிறுத்திவிட்டு, என்ன முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கையால் கேட்டாள்.

யா அல்லாஹ் என்று தலையில் கை வைத்தேன். தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அதனால் கொட்டிலில் எல்லோரும் கையாலும் உதட்டாலும்தான் கதைப்பார்கள். வருடக் கணக்காக ஜெமீலாவுக்குப் பக்கத்தில் நெய்கிறவர்களுக்கு அவள் கைப்பேச்சு தண்ணீர் பட்ட பாடு. பாத்தும்மா மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம் வேறு. ஒருவருக்கும் கேட்காத இடம் என்று தேடிப் பிடித்து, ஊருக்கே தெரிகிற இடத்தில் அந்தப் பிள்ளையை உட்கார வைத்திருக்கிறோம்.

தலைவர் வந்தார். அவரையும் அதே கதிரையில் இருத்தினேன். பாத்தும்மா மரியாதையாகக் கையசைத்தாள்.

"என்ன சொல்றா அவ?"

"தேத்தண்ணி குடிச்சிட்டீங்களா எண்டு கேக்கிறா, சேர்."

மனிதர் முகம் வெளிறிப்போனது. நடந்ததெல்லாம் சொல்லி, இப்பவே லெப்பையிடம் போவோமா என்று கேட்டேன். "அவட சொல் ஒருக்காக் களவு போனது போதும், ஹாஜரா. நாம லெப்பையிட்ட முந்திப் போய்ச் சொன்னா அதுவும் களவுதான். அவ சொல்லச் சொன்ன இடத்தில, அவட கை சொன்னா மட்டும் நீங்க வாய் தெறக்கலாம்."

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை.

3. கல்யாண வீடு

வெள்ளிக்கிழமை போனேன். பெண்கள் அறையில் கால் வைக்க இடமில்லை. தறிக் கொட்டிலே அங்கேதான் இருந்தது. நடுவில் ஜெமீலா, தலையில் முக்காடு. மடியில் இரண்டு வெள்ளைப் பொட்டலங்கள்.

அவள் கைகள்தான் அவை. மருதோன்றி அப்பி, விரல் விரலாகத் தெரியாமல் மணிக்கட்டு வரை துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மருதோன்றியை முதல்நாள் இரவு வைத்து விடியக் கழுவிவிடுவார்கள். லெப்பை வாசலுக்கு வரும்வரை கட்டோடு இருந்த மணப்பெண்ணை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. வாயில் துணி அடைத்திருந்தால் கேட்க ஆள் இருந்திருக்கும். இது சடங்கு, யார் கேட்பது?

லெப்பை மெல்லிய திரைக்கு வெளியே நின்று கேட்டார். "மகள், உங்கட காக்கா உங்களக் கலியாணம் முடிச்சுத் தாறதுக்குச் சம்மதமா?"

நான் அதைக் கையால் அவளுக்குச் சொன்னேன். ஜெமீலா இல்லை என்று தலையை இரு பக்கமும் பலமாக ஆட்டினாள்.

"அது அவட பழக்கம், லெப்பை. எதுக்கும் ஆட்டுவாள். சத்தமில்லாட்டிச் சம்மதம்தானே" என்றார் காசிம் காக்கா.

நான் போய் அவள் முன்னால் உட்கார்ந்து ஒரு கைக் கட்டை அவிழ்த்தேன். காசிம் காக்காவின் மனைவி என் தோளைப் பிடித்து இழுத்தாள். "என்ன வேல பாக்கிற, ராத்தா?"

"மருதோண்டி காஞ்சிட்டு, புள்ள. கழட்ட வேணாமா?" என்றேன். மற்றதையும் அவிழ்த்தேன்.

பச்சை விழுது உதிர உதிர, சிவந்த இரண்டு கைகளும் எழும்பின. தாடியைத் தடவின. வெளியே தள்ளின.

லெப்பை திரையை விலக்கினார். "இந்தப் புள்ள என்ன சொல்லுது?"

காசிம் காக்கா என்னைச் சுட்டினார். "இவ கதைச்சா நம்பவேணாம். இவதான் படிச்சுக் குடுத்தவ."

நான் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பாத்தும்மா. அவள் அந்தக் கட்டு அவிழ்ந்து கிடந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாமாம், லெப்பை" என்றாள். "தாடிக்காரர் வேணாமாம்."

"ஓம், வேணாம் எண்டுதான் சொல்றாள்" என்றது அடுத்த தறி. அதற்கடுத்ததும் சொன்னது.

லெப்பை காசிம் காக்காவைப் பார்த்தார். "இந்த நிக்காஹ்வ நான் செய்ய மாட்டன், தம்பி." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கிழமையே தலைவர் தன் கையால் அந்த ஜன்னலுக்குப் பலகை அடித்து, வெளிச்சத்துக்குக் கூரை ஓட்டில் ஒரு கண்ணாடி வைத்தார். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கதவைப் பூட்டினால் போதாது. வந்தவருடைய கதிரையில் முதலில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்.

இதை எழுத ஜெமீலா சம்மதம் தந்தாள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஜன்னல் அடைத்த பிறகு அவள் ஒருமுறை வந்தாள். கையில் சிவப்பு இன்னும் மங்கவில்லை. பலகையில் இடுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வந்து உட்கார்ந்து, நெடுநேரம் கதைத்தாள். அதை எழுத நான் அவளிடம் கேட்கவில்லை. ஆகவே எழுதமாட்டேன்.