ஆணி இல்லாத தோணி

போன சனிக்கிழமை நிலாவெளிக் கடற்கரையில் என் படிப்புக்கு ஒரு நல்ல அடி விழுந்தது.

ஹோட்டல்கள் வந்தபிறகு அங்கே வெள்ளைக்காரரைக் காண்பது ஒரு புதினமா? ஆனால், கரைவலைத் தோணியின் நிழலில் இருந்த அந்த அம்மையாரின் கையில் ஒரு தடித்த புத்தகம்... பழைய இந்தியாவின் கலை, சமயம், வாணிபம் எல்லாவற்றையும் மேல்நாட்டாருக்கு எடுத்துச் சொன்ன பிரபலமான வரலாற்று நூல். நானும் படித்திருக்கிறேன். விடுவேனா? தோணியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினேன்.

அவரும் என்னைப்போல் பள்ளிக்கூட ஆசிரியர்தான்; சரித்திரம் படிப்பிப்பவர். இந்தப் புத்தகத்தை நம்பித்தான் இந்தியா முழுக்கச் சுற்றி இலங்கைக்கும் வந்தாராம். கண்டதெல்லாம் இடிபாடுகளும் மியூசியங்களும்தானாம். எல்லாம் முடிந்துபோன கதை என்றுதான் ஊரில் மாணவர்களுக்குச் சொல்லப்போகிறாராம். மறுநாள் காலை ரயில்.

எனக்குச் சுருக்கென்றது. பழைய கப்பல்கள் பற்றிய பக்கத்தை அவர் காட்டினார் — ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த கப்பல்கள். சுருக்கென்றும் என்ன, அதெல்லாம் எப்போதோ போய்விட்டது என்று நானே பெரிய மனிதனாகத் தலையாட்டினேன்.

பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த தோணிக்காரர், சம்மாட்டி கனகசபை, என்ன கதை என்று கேட்டார். தமிழில் சொன்னேன்.

"மாஸ்டர், நீங்கள் சாய்ஞ்சிருக்கிற தோணியை ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ."

பார்த்தேன். பலகைகள் சேரும் இடமெல்லாம் தென்னந்தும்புக் கயிற்றுத் தையல். ஓர் ஆணி இல்லை! இருபது வருடமாக இந்தக் கரையில் நடக்கிறேன்... என் கண் எங்கே போயிருந்தது?

அம்மையார் தையலைத் தொட்டுத் தொட்டுத் தோணியை இரண்டு முறை சுற்றி வந்தார். ஏன் ஆணி இல்லை என்று கேட்டார். ஆணி அடித்த பலகை கரையில் மோதும்போது பிளந்துவிடும், கயிறு என்றால் வளைந்து கொடுக்கும் என்றார் சம்மாட்டி. எனக்கு வெட்கமும் வந்தது, பெருமையும் வந்தது. பெருமைதான் கூட — மறைப்பானேன்?

அம்மையார் ரயிலை விட்டுவிட்டார். மறுநாள் காலை கரைவலைக் கயிற்றில் எங்கள் ஆட்களோடு அவரும் நின்று இழுத்தார். உள்ளங்கை சிவந்துவிட்டது. கயிற்றில் கை வைத்தவரை வெறுங்கையோடு அனுப்புவது இங்கே வழக்கமில்லை. அவருடைய தொப்பியிலும் இரண்டு கை சூடை மீன் விழுந்தது. மாணவர்களுக்குக் காட்ட அந்தத் தையலைக் கொப்பியில் படமாக வரைந்துகொண்டார்.

புறப்படும்போது, புத்தகம் எழுதிய பேராசிரியருக்கும் இதைப்பற்றிக் கடிதம் போடப்போவதாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். சம்மாட்டி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"ஓம், எழுதச் சொல்லுங்கோ. அவரையும் ஒருக்கா வரச் சொல்லுங்கோ, மாஸ்டர். வலை இழுக்க ஆள் காணாது."