கிள்ளான்காரி

என் அக்காவை இன்னொருத்தியும் அக்கா என்று கூப்பிடுகிறாள் என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது எங்கள் வீடு திருவொற்றியூர்க் குப்பத்தில். சித்தப்பா ஹைரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். கூட்டமில்லாத மத்தியானங்களில் அக்கா அங்கே உட்கார்ந்து இணையத்தில் ஒரு விளையாட்டு விளையாடுவாள். மந்திரவாதிகளும் டிராகன்களும் திரியும் ஒரு தேசம். எந்தெந்த நாட்டு ஆட்களோ ஒரே நேரத்தில் அதற்குள் நடமாடுவார்கள். அக்கா சண்டைக்கெல்லாம் போகமாட்டாள். திரையில் அவளுக்குப் பதிலாக நடமாடும் பச்சைத் தொப்பி ஆள் அந்தத் தேசத்துக் கடற்கரையில் நின்று மீன் பிடிக்கும். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்காது. "சமுத்திரத்தாண்ட வூட்ட வச்சிகினு கம்ப்யூட்டர்ல மீன் புடிக்குது பாரு" என்பார்.

அந்தக் கரையில்தான் அந்த இன்னொருத்தி வந்து சேர்ந்தாள். மலேசியாவில் கிள்ளான் என்ற ஊர்க்காரி, என் வயது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவாள். வாக்கியத்துக்கு ஒரு அக்கா.

நானும் ஒரு ஆளை உண்டாக்கிக்கொண்டு உள்ளே போனேன். போன வேகத்தில் ஒரு பெரிய எலி என்னைக் கடித்துக் கொன்றது. கிள்ளான்காரி விழுந்து விழுந்து சிரித்தாளாம். அக்காதான் சொன்னாள், அவளும் சிரித்துக்கொண்டே.

ஒரு தடவை விளையாட்டை நடத்துகிறவர்கள் படங்களையெல்லாம் புதிதாக்கினார்கள். கட்டை கட்டையாக இருந்த மரங்களுக்கு இலை வந்தது, ஆட்களுக்கு விரல் வந்தது. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. அவர்கள் இருவரும் மட்டும் பழசுதான் நன்றாக இருந்தது என்று துக்கம் கொண்டாடினார்கள். நான் இல்லாத ஒரு பழைய காலம் அவர்களுக்கு இருந்தது என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இவர்களைப் போல நிறையப் பேர் ஏங்கியிருக்க வேண்டும்; பல வருடம் கழித்து விளையாட்டுக்காரர்கள் அந்தப் பழைய உலகத்தையே தனியாகத் திறந்துவிட்டார்கள்.

பிறகு அக்காவுக்கு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி வேலை கிடைத்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டு உண்டு, பொங்கலுக்குத்தான் வர முடியும் என்று அம்மாவிடம் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் என்னையும் சென்டருக்குக் கூட்டிப்போனாள். ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். திரையில் இரண்டு ஆட்களும் மீன் பிடிக்காமல் சும்மா நின்றார்கள்.

"இன்னாவாம் அவளுக்கு?"

"எப்ப வருவேன்னு கேட்டுகினு கீறா."

"நீ இன்னா சொன்ன?"

"ஞாய்த்துக்கெழம வந்துடுவேன்னு சொல்லிட்டேன்."

எனக்குள் குளுகுளுவென்று இருந்தது. அவளிடம் அக்கா பொய் சொல்கிறாள். உண்மை தெரிந்தவள் நான்தான்.

மறுநாள் அக்காவின் பையை நானே பஸ் நிறுத்தம் வரை தூக்கிப்போனேன். ஏறும்போது அவள் என் பின்னலை இழுத்து, "அழுவாத. ஞாய்த்துக்கெழம வந்துடுவேன்" என்றாள்.

நான் அழவில்லை. கிள்ளான்காரியிடம் சொன்னதுதான் பொய், என்னிடம் சொன்னது நிஜம் என்று நம்பி, சந்தோஷமாகவே வீட்டுக்கு நடந்தேன்.