இரண்டு தாள் ஒட்டிய குப்பி

மருந்தைச் சரியாகக் கலந்துவிட்டால் மட்டும் அதைச் சரியாகக் கொடுத்ததாகிவிடுமா?

திண்டுக்கல்லில் ஒரு மருந்துக்கடையில் மருந்து கலந்து கொடுப்பது, பட்டதாரியான என் வேலை. வாங்குவோர் வீட்டிலிருந்தே குப்பி கொண்டுவருவர். மருந்தை ஊற்றி, வேளைக்கு ஒரு கோடாக அளவு குறித்த தாளைப் பக்கவாட்டில் ஒட்டித் தருவோம்.

சென்ற ஆடியில் தாடிக்கொம்பிலிருந்து வந்த பேச்சியம்மாளிடம், அவருடைய மூன்று வயது மகளுக்கான இருமல் மருந்தைக் கொடுத்தேன். அபின் சத்துக் கலந்த மருந்து அது. சற்று நேரத்தில் அவர், ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறாமல் திரும்பி வந்தார்.

“ஐயா, இந்தப் பக்கம் பன்னெண்டு கோடு இருக்கு, அந்தப் பக்கம் ஆறுதான் இருக்கு. எம்புள்ளைக்கு எதைப் பாத்து ஊத்த?”

அதே குப்பியில் முன்பு வாங்கிய அவர் கணவரின் காய்ச்சல் மருந்துக்கு ஒட்டிய, ஆறு கோடு போட்ட பழைய தாளை நான் உரிக்கவில்லை. அதன்படி ஊற்றியிருந்தால் குழந்தைக்கு இருமடங்கு மருந்து போயிருக்கும், மூச்சே அடங்கியிருக்கலாம்.

விவரம் புரியாத சக ஊழியர் சிரித்தார். “கோடு எண்ணவா பஸ்ஸ விட்டுட்டு வந்தீக?”

“பஸ்சு இன்னொண்ணு வரும்ண்ணே. எம்புள்ள வருமா?”

நான் மன்னிப்புக் கேட்டுப் பழைய தாளைச் சுரண்டியெடுத்தேன். எழுத்தறியாத அத்தாயின் விழிப்பை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

இப்போது பழைய தாளை ஊறவைத்து அகற்றாமல் எந்தக் குப்பியிலும் நான் மருந்து ஊற்றுவதில்லை. வாங்குபவர் ஒரு வேளை அளவை விரலால் தொட்டுக் காட்டிய பிறகே குப்பியைக் கொடுக்கிறேன்.