இந்தியவியலும் கவிழ்த்த சைக்கிளும்

போன ஞாயிறு பின்னேரம் பக்கத்து வீட்டுத் தம்பிராசா அண்ணை படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் மகள் வசந்தி. இரண்டு பேர் முகமும் சரியில்லை.

"தம்பி, பேப்பரிலை பிள்ளையளுக்குப் புத்தி எழுதுறனீ, உவளுக்கும் ஒருக்கா சொல்லு. கம்பஸிலை இந்தியவியல் படிக்கப் போறாவாம்."

எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு எடுபடுவதே பெரிய காரியம். வசந்தி எடுபட்டுவிட்டாள். எந்தப் பாடம் என்பதில்தான் சண்டை. மறுநாள் பதிய வேண்டும். தகப்பன் சொல்வது பொருளியல். பிறகு பாங்கில் வேலை, பிறகு கலியாணம்... எல்லாம் யோசித்து வைத்திருக்கிறார்.

"இந்தியாவைப் பற்றிப் படிக்க என்ன கிடக்கு? சந்திக்குச் சந்தி நிண்டவங்கள்தானே. பாத்தது போதாதே?"

"நிண்டது இந்தியன் ஆமி, அப்பா. நான் படிக்கப் போறது ஆமியை இல்லை."

நான் தகப்பன் பக்கம்தான். ஒளிப்பானேன்? இந்தப் பாடத்துக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் சுகமான பாடம் என்று போகிறவர்கள். நாலு தேவாரம் தெரியும், இரண்டு புராணக் கதை தெரியும் — பட்டம் தானாக மடியில் விழும் என்ற நினைப்பு. இவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சினிமாப் பாட்டு கேக்கிற ஆசையிலை போறியோ?" என்று நேரே கேட்டேன்.

"சமஸ்கிருதம் பாடமாக்க வேணும் மாமா. அது சினிமாப் பாட்டோ?" முறைத்தாள்.

அதற்குள் செய்தி நேரம். முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்தேன். யுத்தத்தால் மின்சாரமும் இல்லை, தடையால் பற்றரியும் இல்லை. டைனமோவில் வயரைக் கொழுவிப் பெடலைக் கையால் சுற்றினால்தான் ரேடியோ கதைக்கும். நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? பாதிச் செய்திக்கு நான் சுற்றினேன். மீதிக்கு அண்ணை. முடிந்ததும் இருவரும் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம்.

வசந்தி போய்ப் பெடலைப் பிடித்தாள். ரேடியோவின் முள்ளைத் திருப்பினாள். ஏதோ ஓர் இந்திய நிலையம். பாலைவன ஊர்களில் படி வைத்துக் கட்டிய கிணறுகளைப் பற்றி ஒருவர் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். நித்திரை வரவைக்கும் குரல். இவள் சுற்றினாள். கையை மாற்றிக்கொண்டு சுற்றினாள்.

"உவருக்கென்ன விசரே?" என்று ரேடியோவை ஏசினாள். "ஆர் கட்டினது எண்டு மட்டும் சொல்லுறார். ஆரைத் தண்ணி அள்ள விட்டவை, ஆரை விடேல்லை எண்டு சொல்லுறாரில்லை."

எங்கள் ஊர்க் கிணறுகளிலும் சாதி பார்த்த கதை எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

பேச்சு முடியும்வரை அவள் விடவில்லை.

"கை நோகேல்லையோ பிள்ளை?" என்றார் தகப்பன்.

"நோகுது. நான் நிப்பாட்டினா அந்தாளும் நிப்பாட்டிப்போடுவார் எல்லோ."

இந்தியவியல் தங்களுக்குச் சரிவருமா என்று எனக்கு எழுதிக் கேட்கும் பிள்ளைகளே — சாதகத்தைத் தூக்கிக்கொண்டு சாத்திரியிடம் போகாதீர்கள். வேலை கிடைக்குமா என்று என்னிடமும் கேட்காதீர்கள். பொருளியல் படித்தவனே இங்கே சும்மாதான் இருக்கிறான். கை நொந்த பிறகும் சுற்றுவீர்களா? கேட்டதோடு சண்டை பிடிக்க உங்களிடம் சொந்தமாக ஒரு கேள்வி இருக்கிறதா? இருந்தால் போங்கள். நன்றாக வருவீர்கள். இல்லையென்றால் அந்தப் பாடத்தை விட்டுவிடுங்கள், அது பாவம்.

வசந்தி பதிந்துவிட்டாள். இந்தியவியல்தான். தகப்பனுக்காகப் பொருளியலும் ஒரு பாடம்.

நேற்று அண்ணை வந்து, மகளுக்கென்று என் டைனமோவைக் கேட்டார். கொடுக்கவில்லை — அந்தக் கிணற்றுக்காரர் வருகிற ஞாயிறும் பேசுகிறாராம்.